எந்த சர்டிபிகேட் பெரிசு?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. மாடியில், முதலாளி அறையில், இரண்டு சேஃப்டி ஆபீசர்களுக்குள் வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

“நான் ஒரு வருஷம் உட்கார்ந்து படிச்சு டிப்ளமோ வாங்கினவன்,” என்றார் செகவீரன்.

“என்னோடது வெளிநாட்டு சர்டிபிகேட், மூணாவது லெவல். உங்க டிப்ளமோ அதுக்குக் கால் தூசி பெறாது,” என்றார் டென்னிசன்.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த மாராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி நல்லசிவத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“என்ன இளிப்பு? எது பெரிய லெவல்னு நீயே சொல்லு. தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

மாராத்தா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனாள். அடுத்த நிமிஷம் தீ மணி அலறியது.

ஆபீசர்கள் இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். முதலாளி அவர்களையும் முந்தினார். ‘அவசர வழி’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்த கதவில் மூவரும் போய் மோதினார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. பின்னாலேயே ஓடிவந்த தையல் பெண்கள் பூட்டைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

“சாவி எங்கே?” என்று கத்தினார் டென்னிசன்.

முதலாளிக்கு முகம் வெளுத்தது. “துணி திருட்டுப் போகுதேன்னு பூட்டினேன். சாவி வீட்ல, பீரோவுல இருக்கு.”

மாராத்தா நிதானமாக வந்தாள். “தீயெல்லாம் இல்லீங்க. மணியை நாந்தான் அடிச்சேன். பூட்டு தொங்கறது ஆபீசருங்க ரெண்டு பேருக்குமே தெரியலீங்க, அதனால ரெண்டும் ஒரே லெவல். பெரிய லெவல் உங்களுதுதானுங்க மொதலாளி. நீங்க தெரிஞ்சே பூட்டியிருக்கீங்க.”

அந்தப் பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.