கை தூக்காத வீரட்டன்

மருதங்கோட்டு அரண்மனையில் இரண்டு சபைகள் இருந்தன. தரைத்தளத்தில் கீழ்ச்சபை. மாடிப்படி ஏறினால் மேல்சபை. கீழ்ச்சபையில் சண்டை அதிகம், மேல்சபையில் காற்று அதிகம். மற்றபடி இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மன்னர் கோச்சேந்தனுக்கே சட்டென்று சொல்ல வராது.

மேல்சபையில் இருபத்தொரு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் வீரட்டன். ஒல்லியான ஆள், குறும்புக்காரர். அவருடைய ஆசனம் ஜன்னலோரம், தென்றல் நேராக முகத்தில் வந்து விழும். இன்னொரு உறுப்பினர் திருமேனி நம்பி. அவருடைய ஆசனம் ஒரு பெரிய தூணுக்குப் பின்னால். அங்கே வியர்வை தவிர வேறொன்றும் வராது. அந்த ஜன்னலோரத்தின் மேல் நம்பிக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஒருநாள் மன்னர் மேல்சபைக்கு வந்திருந்தபோது நம்பி எழுந்தார்.

"அரசே, யார் எத்தனை முறை வாக்களித்தார், எத்தனை முறை பேசினார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கக்கேடு!"

மன்னர் தலையசைத்தார். பதிவேடு எழுதும் உலகளந்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"திருமேனி நம்பி. ஆண்டு முழுவதும் வருகை. வாக்கெடுப்பு தொண்ணூற்றாறு. கை தூக்கியதும் தொண்ணூற்றாறு. உரைகள் இருநூற்றுப் பதினான்கு."

"பலே!" என்றார் மன்னர். நம்பி சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"வீரட்டன். ஆண்டு முழுவதும் வருகை. கை தூக்கியது..." உலகளந்தான் ஏட்டைப் புரட்டினார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். "ஒருமுறைகூட இல்லை, அரசே. உரை ஒன்று."

"ஆண்டு முழுக்க ஒன்றா? என்ன பேசினார்?"

"'யாரும் பாயசத்தைக் குடிக்காதீர்கள், அதில் பல்லி கிடக்கிறது' என்று பேசினார்."

மன்னரின் முகம் சிவந்தது. "வீரட்டரே! இங்கே உட்கார்ந்து என்னதான் செய்தீர்? தூங்கினீரா?"

"தூங்கவும் இல்லை அரசே, கையைத் தூக்கவும் இல்லை."

மன்னருக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார். "இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். ஒழுங்காகப் பதில் சொல்லும். இல்லையென்றால் நாளையிலிருந்து யானைக் கொட்டடியில் சாணம் அள்ளுவீர்!"

வீரட்டன் மனதுக்குள் கணக்குப் போட்டார். கொட்டடியில் பதினாறு யானைகள். எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறவை.

"அரசே, நம்பி எதற்கெல்லாம் கை தூக்கினார் என்று கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்களேன்" என்றார்.

உலகளந்தான் வாசித்தார். "சித்திரை மாதம். மீசைக்கு வரி போடலாம். நம்பி, ஆம். வைகாசி மாதம். மீசை வரியை ரத்து செய்யலாம். நம்பி, ஆம். ஆனி. சேவல்கள் விடிந்து ஒரு நாழிகை கழித்தே கூவவேண்டும். நம்பி, ஆம். ஆடி. சேவல்கள் இஷ்டம்போல் கூவலாம். நம்பி, ஆம். ஆவணி. தெற்குக் குளத்தை மூடலாம். ஆம். புரட்டாசி. மூடிய குளத்தைத் தோண்டலாம். ஆம்."

"ஐயா நம்பி, இரண்டுக்கும் எப்படி ஆம் சொன்னீர்?" என்று கேட்டார் மன்னர்.

"எல்லாத் தீர்மானமும் தாங்கள் கொண்டுவந்தவைதானே அரசே! தங்கள் பேச்சுக்கு நான் எப்படி மறுப்புச் சொல்வேன்?"

மன்னர் இருமினார். கொஞ்சம் அதிகமாகவே இருமினார். பிறகு வீரட்டன் பக்கம் திரும்பினார். "நீர் எதிர்த்திருக்கலாமே?"

"அடுத்த மாதம் தாங்களே எதிர்ப்பீர்கள் என்று தெரியும் அரசே. நம்பி நாற்பத்தெட்டு படி ஏறினார், நாற்பத்தெட்டு படி இறங்கினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இப்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறோம். அவருக்குக் கால்வலி மிச்சம்."

"சரி, அந்தப் பாயச உரை?"

"நம்பியின் உரைகளில் ஒன்றையாவது யாராவது கேட்டு நடந்ததுண்டா? நான் வாயைத் திறந்ததும் இருபது பேரும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை."

"முதலில் வைத்தவர் நம்பிதான்" என்றார் உலகளந்தான், ஏட்டைப் பார்த்தபடியே.

நம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. "அபாண்டம்! ஒவ்வொரு முறையும் நன்றாக யோசித்துத்தான் நான் கை தூக்கினேன்!"

வீரட்டன் மன்னர் அருகே போய்க் காதில் ஏதோ சொல்லிவிட்டுத் தன் ஆசனத்துக்குத் திரும்பினார். மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கமான வாக்கெடுப்புக் குரலில் கணீரென்று தொடங்கினார்.

"ஒரு தீர்மானம். திருமேனி நம்பியின் ஆசனத்தைப் பறித்து அவரைச் சாணம் அள்ள அனுப்பலாம். ஆதரிப்பவர்கள்..."

'கை தூக்குங்கள்' என்று மன்னர் சொல்லி முடிப்பதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை விறைப்பாக மேலே போனது. வேறு கையே இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நம்பியும் அண்ணாந்து பார்த்தார். அது அவருடைய கைதான். சட்டென்று அதை இறக்கித் தலையைச் சொறிவதுபோல் பாவனை செய்தார்.

"நம்பி, ஆம்" என்று எழுதினார் உலகளந்தான். "ஆதரவு ஒன்று."

நம்பியின் கண்கள் கலங்கிவிட்டன. "அரசே, பழக்கதோஷம்..." என்றார்.

"எதிர்ப்பவர்கள்?" என்றார் மன்னர்.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. ஆண்டு முழுவதும் எழாத கை. வீரட்டனின் கை! அதைப் பார்த்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். தீர்மானம் தோற்றது.

மன்னருக்கு வியப்பு. "உம்மை மாட்டிவிடப் பார்த்தவர் இவர். இவர்மேல் உமக்கு இரக்கமா?"

"இவர்மேல் இல்லை அரசே. கொட்டடிக்குப் போனாலும் இவர் உரையாற்றாமல் இருக்கமாட்டார். பாவம், யானைகள் கட்டிப்போட்டல்லவா இருக்கின்றன!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வீரட்டனுக்குப் போட்டார்.