ராகு காலத்தில் வந்த பெட்டி

பழைய கம்ப்யூட்டர் திணறி நின்றதும் நூல்மில் மேனேஜர் தணிகாசலம் டைப்பிஸ்ட் பூரணியிடம் கத்தினார்: "வெள்ளிக்கிழமை புதுசு வருது. ராகு காலத்துல மட்டும் பிரிச்சிடாதே. அப்புறம் இந்தக் குப்பையோட நீயும் கிளம்பு!"

பூரணி அந்தப் பழசிலேயே, பழைய கம்ப்யூட்டரையும் வேகமாக ஓட்டும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டாள்.

வெள்ளி பதினோரு மணிக்கு முதலாளியோடு வந்த மேனேஜர், மேசைக்கடியில் கால் நீட்டி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். திரை சட்டென்று வந்தது.

"பாத்தீங்களா முதலாளி! புதுசுன்னா புதுசுதான்!"

"சார், இது பழசுதான். லினக்ஸ் போட்டிருக்கேன்" என்றாள் பூரணி.

"அப்போ புதுசு எங்கம்மா?" என்றார் முதலாளி.

"இப்பத்தான் வந்துச்சுங்க. ராகு காலமாச்சே, பிரிக்கல. சார் கால் வச்சிருக்காரே, அந்தப் பெட்டிதான்."

முதலாளி குனிந்து பார்த்தார்.

"காலை எடுய்யா தணிகாசலம். பெட்டியைத் திருப்பி அனுப்பணும்."