ராயர் தோட்டத்து மாம்பழமும் ராஜா தின்ற அதிரசமும்

கை அதுபாட்டுக்கு அதிரச மாவைப் பிசையட்டும், கதை அதுபாட்டுக்கு வரட்டும். ரொம்ப காலத்துக்கு முன்னால் செங்கரும்பு நாட்டைக் கோதண்டபூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் நாக்கு என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்குச் சட்டம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆனி மாதம் மாம்பழக் கூடைகள் அரண்மனைக்கு வரும். ராஜா எந்தப் பழம் இனிப்பு என்கிறாரோ, அந்த நிலத்துக்குத்தான் ஆற்று மதகை முதலில் திறப்பார்கள். மற்றவர்களுக்கு மிச்சம் மீதிதான். இரண்டு வருஷமாகச் சம்பங்கிராயர் தோட்டமே ஜெயித்தது. ராஜாவின் சாப்பாடெல்லாம் இந்த ராயர் பொறுப்பு. அமைச்சர் அறவாழியைக் கண்டால் மட்டும் அவருக்கு வயிறு எரியும்.

இந்த வருஷமும் புளியஞ்சேரி மணியக்காரர் பெரியாண்டி கூடையோடு வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவையும் தண்ணீர் இல்லையென்றால் நாற்றெல்லாம் கருகிப் போகும், ஊரையே காலி செய்ய வேண்டியதுதான் என்று அமைச்சரிடம் சொன்னார். அமைச்சர் ஒரு பழத்தை அங்கேயே கடித்துப் பார்த்தார். தேனேதான். இது இரண்டு வருஷமாக எப்படித் தோற்றது என்று அவருக்கு ஒரே யோசனை.

உள்ளே போனால், ராயர் விடிந்ததுமே தன் தோட்டத்துப் பழத்தைக் கொடுத்துப் பாராட்டு வாங்கியிருந்தார். அப்புறம் சுடச்சுட அதிரசம். ராஜாவும் ராயரும் ஆளுக்கு நாலு முடித்தாயிற்று. இனிப்புக்கு ஏற்ற வேளை காலையில் வெறும் வயிறுதான், அப்போதுதான் நாக்கு முழித்திருக்கும் என்று ராயர் ஓதிக்கொண்டிருந்தார். அடுத்து புளியஞ்சேரிப் பழம் வந்தது. வாயில் போட்டதும் ராஜாவின் முகம் கோணிப் போயிற்று.

“ஊர் பேரிலேயே புளி இருக்கிறதே அரசே, பழத்தில் இருக்காதா?” என்றார் ராயர்.

சபை சிரித்தது. பெரியாண்டி தலை குனிந்தார். அமைச்சர் மட்டும் ராஜாவின் விரலைப் பார்த்தார். நெய்யும் பாகுமாக மினுமினுத்தது. ஓகோ, சங்கதி இதுதானா.

இன்னும் ஒரே ஒரு பழம், ராயரும் கூடவே ருசி பார்க்கட்டும், அதற்கும் முடிவு மாறாவிட்டால் என் அமைச்சர் முத்திரை மோதிரத்தை ராயருக்கே போட்டுவிடுங்கள் என்றார் அமைச்சர். மோதிரம் என்றதும் ராயருக்கு உட்கார முடியவில்லை. அமைச்சர் பக்கத்து அறைக்குப் போய், தோல் சீவி நறுக்கிய துண்டுகளைத் தட்டில் கொண்டு வந்தார். இரண்டு பேரும் வாயில் போட்டார்கள். இரண்டு பேரும் துப்பினார்கள்.

“இதைத் தின்றால் குரங்குகூட மரம் ஏறுவதை விட்டுவிடும் அரசே” என்றார் ராயர்.

“இதை விளைவித்தவனை என்ன செய்யலாம்?” என்று கேட்டார் அமைச்சர்.

“கூடை மொத்தத்தையும் அவனே இந்தச் சபையில் உட்கார்ந்து தின்று முடிக்கட்டும்.”

ராஜா அப்படியே ஆகட்டும் என்று கையைத் தட்டிவிட்டார்.

அமைச்சர் பரிமாறுகிறவரைத் திரும்பிப் பார்த்தார். “ராயருக்கு இலை போடப்பா. பழம் அவர் தோட்டத்துப் பழம்.”

ராயர் பொய் பொய் என்று குதித்தார். கூடை சுமந்து வந்த அவருடைய ஆட்களே, ஆமாம், அமைச்சர் எடுத்தது நம்ம கூடைப் பழம்தான் என்று தலையாட்டிவிட்டார்கள். ராஜாவுக்குக் கோபம் வந்தது. விடிந்ததும் இனித்தது இப்போது புளிக்கிறதே, அப்படியானால் என் நாக்கு பொய் சொல்கிறதா என்று கேட்டார்.

“நாக்கு பாவம் அரசே. அதிரசம் ஏறி உட்கார்ந்த இடத்தில் மாம்பழம் எங்கே நிற்கும்?” என்றார் அமைச்சர்.

ராஜா வாயைக் கொப்பளித்தார். இரண்டு கவளம் மோர்சாதம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு புளியஞ்சேரிப் பழத்தைக் கடித்தார். சாறு முழங்கை வரைக்கும் ஓடியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

“அப்படியென்றால் இனிப்புக்கு ஏற்ற வேளை எது அமைச்சரே?”

“தீர்ப்பெல்லாம் சொல்லி, சாப்பாடும் முடிந்த பிறகு அரசே. அதற்கு மேல் இனிப்பு யாரையும் கெடுக்காது.”

ராஜா தன் முத்து மாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். அன்றைக்கே புளியஞ்சேரிக்கு மதகு திறந்தது. பெரியாண்டி தண்ணீரோடு போட்டி போட்டு ஊருக்கு ஓடினார்.

சபையில் ராயர் அஞ்சாவது பழத்தில் இருந்தார். ராஜா பக்கத்தில் போய்க் குனிந்து, இனிக்கிறதா ராயரே என்று கேட்டார். இனிக்கிறது அரசே என்றார் ராயர், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அப்படியா, கூட ஒரு அதிரசம் வைக்கச் சொல்லட்டுமா என்று ராஜா கேட்கவும், ராயர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, ஐயோ வேண்டாம் அரசே, இனிமேல் இந்த ஜென்மத்தில் நான்... அடடா, உள்ளே பிள்ளை முழித்து அழுகிறதே. இதோ மாவுக் கையைக் கழுவிட்டு வந்துட்டேன் அத்தை, பிள்ளையை அப்படியே தூளியிலேயே ஆட்டிக்கொண்டிருங்கள்.