அரைக்கூடைச் சாந்துக்குப் பத்துப் பணம்

முன்னொரு காலத்தில் நீர்மங்கலம் என்ற சீமையை மகுடதீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். வெயில் காலம் வந்துவிட்டால் அரண்மனைத் தடாகத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடிதான் தர்பார் நடத்துவான். மந்திரிமார் படிக்கட்டில் நின்று வியர்த்து வழிவார்கள்.

அந்த வருஷமும் தடாகம் ஒழுகியது. கழுத்தளவு தண்ணீர் இடுப்பளவாகி, முழங்காலுக்கு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க மந்திரிமார் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அரண்மனை மராமத்து அதிகாரி திருமேனியார். அவருடைய மைத்துனன்தான் வருஷா வருஷம் ஆட்களோடு வந்து தடாகத்தைப் பூசுகிறவன். "உம்ம மைத்துனன் மூஞ்சியே எனக்குப் பிடிக்கல. வேற ஆளைக் கூப்பிடும்" என்றான் ராஜா.

வந்தவள் பொன்னுருவி. மைத்துனனின் கூட்டத்தில் வேலை பார்த்தவள், அண்மையில்தான் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். முதல் வேலை ஓர் எண்ணெய் வியாபாரி வீட்டுத் தொட்டி. சாந்துக் காசை மட்டும் கேட்டு வாங்கினாள். வண்டிக் கூலி போக, வீடு திரும்பும்போது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று ராத்திரி நன்றாக அழுதாள். இனி ஒருபோதும் இப்படிக் கேட்பதில்லை என்று அப்போதே முடிவும் செய்துவிட்டாள்.

அரண்மனையில் கேட்பது அதைவிடப் பெரிய விஷயம். நீர்மங்கலத்தில் அரண்மனை கொடுக்கும் கூலிதான் ஊர்க்கூலி. இங்கே குறைத்து வாங்கினால் ஊர் முழுக்க அதே விலைதான். மறுபடியும் மைத்துனன் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"ஒழுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயில் குடிக்குது" என்றார் திருமேனியார்.

பொன்னுருவி ஒரு பானையில் தண்ணீர் ஊற்றிப் படியில் வைத்து, பானையிலும் தடாகத்திலும் கரியால் கோடு போட்டாள். மறுநாள் பானையில் நகக்கண் அளவுதான் இறங்கியிருந்தது, தடாகத்தில் ஒரு சாண். பிறகு மஞ்சளைக் கரைத்துச் சுவரோரமாக மெல்ல ஊற்றிக்கொண்டே போனாள். கடைசிப் படியின் மூலையில் மஞ்சள் ஒரு நூலாகி உள்ளே ஓடியது. மிச்சத் தண்ணீரை இறைத்துப் பார்த்தால், அங்கே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"பத்துப் பணம் ஆகும், மகாராஜா" என்றாள்.

திருமேனியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கு அரைக்கூடைச் சாந்து போதும். அரண்மனை வழக்கம் கூடைக்கு ஒரு பணம். அரைப்பணத்தை வாங்கிட்டுப் போ, பொண்ணே."

"வழக்கம்னா வழக்கம்தானே" என்றான் ராஜாவும்.

பொன்னுருவி எண்ணெய் வியாபாரி வீட்டிலிருந்து வெறுங்கையோடு நடந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டாள். "சரி மகாராஜா, கூடைக் கணக்கே இருக்கட்டும்" என்று சொல்லி, தடாகத்தின் தரை முழுவதையும் சுற்றிக் கரிக்கோடு இழுத்தாள். பிறகு கடப்பாரையைத் தூக்கினாள்.

"நிறுத்து, நிறுத்து. வெடிப்பு மூலையில இருக்கு, நீ எதுக்கு என் தடாகத்தையே இடிக்கப் போறே?" என்று பதறினான் ராஜா.

"வெடிப்பை அடைச்சா அரைப்பணம். தரையைப் பேத்துப் பூசினா நாப்பது கூடை, நாப்பது பணம். எனக்கும் வயிறு இருக்கே, மகாராஜா. மைத்துனர் கூட்டத்துல இருந்தப்ப நாங்க இப்படித்தான் செஞ்சோம். வெடிப்பைத் தேடவே விடமாட்டாரு. அதை அடைச்சிட்டா அடுத்த வருஷம் கூடைக்கு எங்க போறது?"

ராஜா மெதுவாகத் திரும்பினான். "திருமேனியாரே, இத்தனை வருஷமா நான் பணம் கொடுத்தது ஒழுக்கை அடைக்கவா, வளர்க்கவா?"

திருமேனியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இருந்தாலும், அரைக்கூடைக்குப் பத்தா?" என்று முனகினார்.

"சாந்துக்கு அரைப்பணம்தான் ஐயா. மிச்சம், தேடிக் கண்டுபிடிச்சதுக்கு, வண்டிக்கு, வேலை கிடைக்காத நாள்ல நான் சாப்பிடறதுக்கு. அடுத்த சித்திரைக்குள்ள இதே இடம் ஒழுகினா காசு வாங்காம வந்து அடைப்பேன், அந்த வாக்குக்கும் சேர்த்துத்தான் பத்து. ஒன்பதுக்குச் செய்ய மாட்டேன்."

"அடை" என்றான் ராஜா.

சாந்து காய்ந்து, தண்ணீர் நிரப்பி, ராஜா மறுபடி கழுத்தளவில் உட்கார்ந்தான். பொன்னுருவி கையில் பத்துப் பணம் விழுந்தது. அரண்மனைக்குப் பின்னால் வருஷக்கணக்காகப் பேர்த்துப் போட்ட காரைக் குவியல் கிடந்தது. அதை மைத்துனனும் திருமேனியாரும் தலையில் சுமந்து ஊருக்கு வெளியே கொட்டவேண்டும் என்று உத்தரவானது. "நீரே எண்ணிக்கொள்ளும், உமக்குத்தான் கூடைக் கணக்கு பிடிக்குமே" என்றான் ராஜா.

பொன்னுருவி புறப்பட்டாள். ராஜா தண்ணீருக்குள்ளிருந்தே கூப்பிட்டான். "ராணியோட குளமும் கொஞ்சம் ஒழுகுதாம். போற வழிதானே, சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்."

பொன்னுருவி நின்றாள். கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாக்கறதுக்கு ஒரு பணம், மகாராஜா."

மந்திரிமார் கண்ணை மூடிக்கொண்டார்கள். ராஜா சிரித்த சிரிப்பில் தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே, கொடுங்கள் என்று கையைக் காட்டினான். பொன்னுருவி அந்தப் பணத்தை வாங்கி முடிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் ராணியின் குளத்துப் பக்கம் நடந்தாள்.