பந்தியில் தலையாட்டியவர்

“காதுக்குள்ள ஒரு சத்தம், அம்மா. நிக்கவே மாட்டேங்கு. அதை எப்படியாவது நிறுத்தணும்.”

கோமதிநாயகம் இதைச் சொல்லும்போது மடத்து வாசலில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

“கேக்கல அண்ணாச்சி. திரும்பச் சொல்லுங்க” என்றார் வடிவம்மை.

அவர் திரும்பச் சொன்னார். உள்ளே அடுக்களையில் யாரோ அண்டாவைப் போட்டு உருட்டினார்கள்.

“கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

மூன்றாவது தடவை அவர் கத்தியே சொன்னார். சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வந்தும் வந்தோம், நல்ல குருவைப் பிடித்தோம் என்று மனசுக்குள் நொந்துகொண்டார்.

அவர் நினைத்து வந்தது வேறு. ஒரு மலை, ஒரு குகை, ஆள் அரவமில்லாத ஓர் இடம். வடிவம்மையின் மடமோ தென்காசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், காய்கறிச் சந்தையை ஒட்டி இருந்தது. மதியம் யார் வந்தாலும் அங்கே சாப்பாடு உண்டு. அந்த அம்மாவுக்கு வயது ஐம்பதுதான் இருக்கும். இவரைவிடப் பத்து வயது இளையவர் என்பதால் அண்ணாச்சி என்று கூப்பிட்டார். இவர் கேட்டு வந்தது ஞானம் என்பதால் அம்மா என்று கூப்பிட்டார்.

“எப்படிச் சத்தம்?”

“வண்டு மாதிரி. ஙொய்ங்னு. படுத்தாலும் இருக்கு, முழிச்சாலும் இருக்கு. நாலு பேரு கூடிட்டாப் போதும், பேச்செல்லாம் அதுக்குள்ள கரைஞ்சு போயிருது. ஒரு வார்த்தை பிரியாது.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“முப்பது வருசம் விசைத்தறிக்கு நடுவுல நின்னிருக்கீரு, அதான்னாரு. பழகிக்கிடணுமாம்.”

“சரி, கூட்டத்துக்குப் போகாம வீட்டுல இருந்துக்கிடுங்களேன். அதுக்கு எதுக்கு இங்க வந்திய?”

கோமதிநாயகம் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“ஆவுடையப்பன்னு ஒரு கூட்டாளி. டவுசர் போட்ட காலத்துல இருந்து பழக்கம். இப்ப ராஜபாளையத்துல இருக்கான். போன தை மாசம் ஒரு கல்யாண வீட்டுல பாத்தோம். மேளம் முழங்குது. பக்கத்துல வந்து உக்காந்து என்னமோ சொன்னான். ஒண்ணும் கேக்கல. நான் சிரிச்சுக்கிட்டே தலையாட்டி, ‘ரொம்ப சந்தோசம்லே’ன்னு முதுகுல தட்டுனேன். எந்திரிச்சுப் போயிட்டான்.”

“என்ன சொன்னாராம்?”

“அவன் சம்சாரம் வள்ளிக்கு மறுநாள் ஆபரேசன். பொழைப்பாளான்னு தெரியலன்னு சொன்னானாம். ஊர்க்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“அய்யய்யோ.”

“வள்ளி பொழைச்சுக்கிட்டா. நல்லா இருக்கா. அவன்தான் எங்கூடப் பேசல.”

“நீங்க போயி விசயத்தைச் சொல்லலையா?”

“என்னன்னு சொல்ல? காது கேக்கலன்னா? செவிட்டுப் பயன்னு பேரு வச்சிருவாங்கல்லா? வீட்டுல கூட நான் யாருட்டயும் சொல்லல. அவன் இல்லாம எனக்கு ஊரே வெறிச்சுன்னு இருக்கு அம்மா. இந்தச் சத்தம் மட்டும் நின்னுட்டா நான் பழையபடி மனுசனாயிருவேன்.”

வடிவம்மை அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“சாப்பிட்டியளா?” என்றார்.

சாப்பிடவில்லை. வடிவம்மை பந்தியைக் கை காட்டினார்.

பந்தி என்றால் சாதாரணப் பந்தி இல்லை. சந்தை மூட்டை தூக்குபவர்கள், பஸ் மாறப் போகிறவர்கள், சும்மா வந்தவர்கள் என்று கூடம் நிறைய ஆட்கள். வாளி மோதுகிறது, கரண்டி தட்டுகிறது, ஆளாளுக்குக் கத்துகிறார்கள். கோமதிநாயகத்தின் காதுக்குள் வண்டு கும்மாளம் போட்டது.

சமுத்திரம் என்ற ஆட்டோக்காரர் பரிமாறிக்கொண்டு வந்தார். இவர் இலைக்கு முன்னால் குனிந்து என்னவோ கேட்டார்.

இவர் தலையாட்டினார்.

ஒரு கரண்டி கூட்டு விழுந்தது. மறுபடி ஏதோ கேட்டார். மறுபடி தலையாட்டினார். மறுபடி கூட்டு. பிறகு சோறு வந்தது, அதற்கும் தலையாட்டினார். சாம்பாருக்கும் தலையாட்டினார். பாயச வாளி வந்தபோது அவர் கழுத்து தன்னால் ஆடியது. இலை நிரம்பி, பாயசம் கூட்டோடு கலந்து ஓரமாக ஓடியது.

இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அந்த மடத்தின் ஒரே சட்டம். அதை வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்.

பந்தி எழுந்து போயிற்று. கூடத்தைக் கூட்டித் துடைத்தார்கள். கோமதிநாயகம் மட்டும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

இரவு மடத்துத் திண்ணையிலேயே தங்கினார். மறுநாளும் அதே கதைதான். அதற்கு அடுத்த நாளும் அதேதான். வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு அவர் வடிவம்மையிடம் போனார்.

“அம்மா, நான் ஞானம் கேட்டு வந்தேன். நீங்க என்னைச் சோறு போட்டே கொன்னுருவிய போல.”

“நானா போட்டேன்? நீங்கதான அண்ணாச்சி கேட்டு வாங்குதிய.”

அவர் வேட்டியை இன்னும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

அன்றைக்குப் பந்தியில் வடிவம்மையே வந்து அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டே அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். கோமதிநாயகம் புன்னகைத்தார், தலையாட்டினார்.

அந்த அம்மா இன்னும் ஏதோ சொன்னார். அவர் இன்னும் பலமாகத் தலையாட்டி, “ஆமாம்மா, ரொம்பச் சரி” என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். சமுத்திரம் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னவே சிரிக்கீரு?”

சமுத்திரம் அவர் காதருகே வந்து சொன்னார். “அம்மா ஒண்ணுமே சொல்லல அண்ணாச்சி. வாயை மட்டுந்தான் அசைச்சாங்க.”

கோமதிநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

“என்னை வச்சு வேடிக்கை காட்டுதியளா?”

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி வேடிக்கை? காது நல்லா இருக்கிறவுகளுக்கே அது கேட்டிருக்காது. நீங்க எதைச் ‘சரி’ன்னு சொன்னிய?”

அவர் நின்றார். இலையைப் பார்த்தார். பாயசம் கூட்டைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி உட்கார்ந்தார்.

சமுத்திரம் வாளியோடு மறுபடி குனிந்து ஏதோ கேட்டார். கோமதிநாயகத்தின் தலை பழக்கத்தில் ஆடப் போயிற்று. அதைப் பிடித்து நிறுத்துவது, ஓடுகிற தறியைக் கையால் நிறுத்துவது போல இருந்தது.

“கேக்கல தம்பி” என்றார். முகமெல்லாம் சூடாயிற்று. “வலது காதுதான் கொஞ்சம் தேவலை. திரும்பச் சொல்லு.”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் பெயர் வைக்கவில்லை. சமுத்திரம் சுற்றி வந்து வலது காதுப் பக்கம் குனிந்தார்.

“ரசமா, மோரா?”

“மோரு” என்றார் கோமதிநாயகம்.

மோர் வந்தது. ஒரு கரண்டிதான் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு கூட்டத்துக்கு நடுவில் அவர் கேட்டு வாங்கிய முதல் பொருள் அது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டிருந்தார்கள். அவ்வளவு ருசியாக மோர் குடித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அவர் வடிவம்மையிடம் சொல்லிக்கொள்ளப் போனார்.

“சத்தம் இன்னும் நிக்கலையே அம்மா.”

வாசலில் பேருந்து ஹாரன் அடித்தது.

“கேக்கல அண்ணாச்சி. திரும்பச் சொல்லுங்க.”

கோமதிநாயகத்துக்கு இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை. பக்கத்தில் போய்த் திரும்பச் சொன்னார்.

“நிக்காது போலுக்கு” என்றார் வடிவம்மை. “பஸ்ஸு வந்துட்டு பாருங்க.”

ஆவணி பிறந்ததும் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. ஆவுடையப்பன் வருவான் என்று தெரிந்தே அவர் போனார். மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே தவிலும் ஒலிபெருக்கியும் வண்டும் சேர்ந்துகொண்டன. திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஓடவில்லை. கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனைக் கண்டுபிடித்து, தன் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏலே ஆவுடை. எனக்குக் காது சரியில்லலே. உள்ள எப்பவும் இரைஞ்சுக்கிட்டே இருக்கு. தை மாசம் நீ சொன்னது எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன். இப்பத் திரும்பச் சொல்லு.”

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டாளியின் தோளில் கையைப் போட்டு இழுத்து, காதோடு வாயை வைத்துச் சொன்னார்.

“வள்ளிக்கு நாளைக்கு ஆபரேசன்லே. பொழைப்பாளான்னு தெரியல. எனக்குப் பயமா இருக்கு.”

கோமதிநாயகம் அழுதார். வள்ளி பிழைத்து ஏழு மாதமாயிற்று என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்போதுதான் சேதி வந்தது போல, கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆவுடையப்பனும் அழுதார்.

பட்டுச்சேலை சரசரக்க வள்ளியே எதிரில் வந்து நின்றாள். கிழவர்கள் இரண்டு பேரும் கல்யாண வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

கோமதிநாயகம் தலையாட்டவில்லை.

“கேக்கல தாயி. திரும்பச் சொல்லு.”

வள்ளி குனிந்து, தன்னால் முடிந்த மட்டும் குரலை உயர்த்தினாள். அந்த நேரம் பார்த்து மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“பந்தி போட்டாச்சு, அழுதது போதும், சாப்பிட வாங்க அண்ணாச்சின்னேன்!”