கோதண்டராமன் சாரின் தேவைக்கோடு

எங்கள் காலேஜில் பொருளாதாரம் நடத்தும் கோதண்டராமன் சார் வாயைத் திறந்தால், மணி அடித்தாலும் மூடமாட்டார். அன்றைக்கு அவரிடம் மாட்டியவன் கடைசி பெஞ்ச் சுடலைக்கண்ணு.

"ஏஏய்! விலை ஏறினா தேவை குறையும். இதுக்கு இதுவரைக்கும் யாருமே சொல்லாத உதாரணம் சொல்லி, கோடு போட்டுக் காட்டு. இல்லேன்னா உனக்கு ஹால் டிக்கெட் கிடையாது!"

சுடலை போர்டில் சறுக்குமரம் மாதிரி ஒரு கோட்டை இழுத்தான்.

"விலைங்கிறது நீங்க பேசுற நேரம் சார். தேவைங்கிறது முழிச்சிருக்கிற தலைங்க. அது ஏற ஏற, இது இறங்குது."

"என் வகுப்பிலயா? எவன்டா தூங்குறான்?"

சார் திரும்பினார். வகுப்பே சாய்ந்து கிடந்தது. முதல் மார்க் வாங்கும் பார்கவி குறட்டையே விட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளியே போடா!"

"போறேன் சார். ஆனா முழிச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா கோடு தரையில விழுந்துடும்."

சார் ஹால் டிக்கெட்டை நீட்டினார்.

"உட்காருப்பா."