பினாங்கு ரேடியோ

பாலிடெக்னிக் வேலையை விட்டபின் ஜெசிந்தா நாகப்பட்டினத்தில் பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்துவந்தார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற பக்கிரிசாமி அவரிடம் வேலை கற்க வந்தார். வயதில் பக்கிரிசாமிதான் மூத்தவர். ஆனாலும் அவருக்கு ஜெசிந்தா டீச்சர். ஜெசிந்தாவுக்கு அவர் சார்.

ஒருநாள் நாகூரிலிருந்து காசிம் மரைக்காயர் ஒரு ரேடியோவைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்தார். அவருடைய வாப்பா பினாங்கில் வியாபாரம் செய்து, இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்ததாம். தெருவில் அவர்கள் வீட்டுக்கு ரேடியோ வீடு என்றே பெயர். வாப்பா மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. உம்மா சென்ற நோன்புக்கு முன் இறந்தார்.

ரேடியோ மறுபடி பாட வேண்டும், அது எந்த வருடத்து மாடல் என்றும் தெரிய வேண்டும் என்றார் மரைக்காயர். முகப்பில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பித்தளைப் பட்டை இருந்தது.

அவர் போனபின் பக்கிரிசாமி பின்பலகையைக் கழற்றினார். அந்தக் கம்பெனியின் எந்த மாடலோடும் அது ஒத்துப்போகவில்லை. வால்வுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தயாரிப்பு. அடித்தகடு மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்தியது. கம்பிச்சுருள் மூங்கில் குழாயின் மேல் கையால் சுற்றப்பட்டிருந்தது.

"யாரோ வீட்ல செஞ்சு, பட்டையை மாட்டி அவங்க வாப்பாகிட்ட வித்துட்டாங்க டீச்சர்."

ஜெசிந்தா விளக்கை அருகே இழுத்து உள்ளே பார்த்தார்.

"விக்கிறவன் இவ்வளவு பாடுபட மாட்டான்."

கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருந்த நூல் முடிச்சுகளைக் காட்டி, அதேபோல் ஒன்று போடச் சொன்னார். பக்கிரிசாமி போட்ட முடிச்சு எதிர்ப்பக்கமாகவே விழுந்தது. ஜெசிந்தா நூலை அவருடைய இடக்கைக்கு மாற்றினார். தடுமாறித்தான் போட்டார். உள்ளே இருந்தது போலவே விழுந்தது.

செய்தவர் இடக்கைக்காரர் என்று பக்கிரிசாமிக்குப் புரிந்தது. தயங்கினார்.

"பெரியவர்கிட்ட சொல்லாம விட்டுடலாமா டீச்சர்? இத்தனை வருஷமா கம்பெனி ரேடியோன்னு நம்பிக்கிட்டு இருக்காரு."

ஜெசிந்தா மரைக்காயரை வரச் சொல்லி அனுப்பினார்.

அவர் வந்து உட்கார்ந்ததும், வாப்பாவுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று ஜெசிந்தா கேட்டார்.

"சோறு மட்டும்தான் வலக்கை. மத்த வேலையெல்லாம் இடக்கைதான். எதுக்கும்மா கேக்குறிய?"

ஜெசிந்தா ரேடியோவைத் திருப்பி வைத்தார். டின் தகட்டையும் மூங்கிலையும் முடிச்சுகளையும் காட்டினார். இது எந்தக் கம்பெனியும் செய்ததில்லை, இடக்கைக்காரர் ஒருவர் உட்கார்ந்து செய்தது என்றார்.

மரைக்காயர் குனிந்து பார்த்தார். முடிச்சு ஒன்றை விரல் நுனியால் தொட்டார்.

"பினாங்குல எல்லாத்தையும் தொலைச்சிட்டு வெறுங்கையோட வந்துட்டாருன்னு ஊர்ல பேசுனாங்களாம். கொஞ்ச நாள்ல இந்த ரேடியோ கூடத்துல பாடியிருக்கு. சாமான் கப்பல்ல பிந்தி வந்துச்சுன்னு வாப்பா சொன்னாங்களாம். அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்கல."

அவர் கை பின்பலகையின் மேல் இருந்தது.

"இதை மட்டும் உம்மா ஒருத்தரையும் தொறக்க விட்டதில்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாட வைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கசிந்துபோன கண்டன்சர்களையும் இற்றுப்போன மின்கம்பிகளையும் மாற்றினார்கள். மூங்கிலைத் தொடவில்லை. பழைய நூலிலேயே கட்டி, முடிச்சுகளை இடக்கையால் போட்டார் பக்கிரிசாமி. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. முதலில் இரைச்சல். பிறகு, தொலைவிலிருந்து செய்தி வாசிக்கும் ஒரு குரல்.

பக்கிரிசாமி பித்தளைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது பொய்தானே டீச்சர்? எடுத்துடலாமா?"

ஜெசிந்தா அதை வாங்கி, பழைய துளைகளின் மேலேயே வைத்துத் திருகாணியை முடுக்கினார்.

"இதையும் அவங்க வாப்பாதான் சார் மாட்டினார்."